கொடி பிடித்தவர் யார்? கொலுவேறியவர் யார்?

“ஆயிரம் விளக்குக்கு ஒரு சீட்டு” என்று பேருந்திலே கேட்டு வாங்குகிறோம். இடம் வந்ததும் இறங்குகிறோம். அவரவர் அலுவலைப் பார்க்க நடக்கிறோம். அந்த இடத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று எண்ணிப் பார்க்க நமக்கு நேரம் ஏது?

சென்னை அண்ணா சாலையிலே இரட்டை மினாரோடு நிமிர்ந்து நிற்கிறதே ஒரு பள்ளிவாசல், அது ஷியா முஸ்லிம்களின் பள்ளிவாசல். முகரம் மாதத்திலே அவர்கள் கூடித் துக்கம் காத்த மண்டபம் அங்கே இருந்தது. அதற்கு ஒளியூட்ட ஆயிரம் விளக்குகள் ஏற்றினார்கள். விளக்கின் பெயரே வட்டாரத்தின் பெயராயிற்று என்பார்கள்.

ஆயிரம் விளக்கேற்றி அழுதார்களே, யாருக்காக? கி.பி. 680ஆம் ஆண்டு அக்டோபர் திங்களிலே, ஈராக்கிலே, கர்பலா என்ற வெட்டவெளியிலே, தண்ணீரும் மறுக்கப்பட்டு வெட்டி வீழ்த்தப்பட்ட ஹுசைன் அவர்களுக்காக! நபிகள் நாயகத்தின் மகள் பாத்திமாவின் மகன் அவர். ஆண்டுகள் 1,300க்கு மேல் ஓடிவிட்டன. அழுகை ஓயவில்லை. ஏன் ஓயவில்லை?

“அது சன்னி – ஷியா சண்டை, மதத்திலே கருத்து வேறுபாடு, நமக்கென்ன?” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நாம் அப்படிப் போகமாட்டோம். தொழுகையின் திசை பற்றி எழுந்த சண்டையா அது? அன்று. இருவருக்கும் திசை ஒன்றே, வேதம் ஒன்றே, நபி ஒருவரே. பின் எதிலே பிளவு? தலைமையிலே! ஆளத் தக்கவர் யார் என்ற கேள்வியிலே!

அந்தக் கேள்விக்கு அடியிலே, வெளியே தெரியாமல், இன்னொரு கேள்வி கிடந்தது. ஆளுகிறவர் யாராயினும், ஆளப்படுகிறவனுக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி. அந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் ஏழைகள். எழுப்பியதற்காக மாண்டவர்களும் ஏழைகள். அவர்கள் கதையைத்தான் இன்று பேசப்போகிறோம். சன்னி சொல்வது சரியா, ஷியா சொல்வது சரியா என்று தீர்ப்புக் கூற நாம் நீதிபதி அல்லர். அது அந்தச் சமயத்தாரின் உள்ளத்தைப் பொறுத்தது. நாம் பார்க்க விரும்புவது ஒன்றே: கொடி பிடித்தவர் யார்? கொலுவேறியவர் யார்?

ஒரு சொல், இரு பொருள்

கி.பி. 632இல் நபிகள் நாயகம் மதீனாவிலே மறைந்தார். உடல் இன்னும் அடக்கம் ஆகவில்லை. மருமகன் அலி உள்ளிட்ட குடும்பத்தார் இறுதிக் கடன்களைக் கவனித்துக்கொண்டிருந்தனர். அதே வேளையிலே, ஊரின் இன்னொரு பக்கத்திலே, சகீபா என்ற பந்தலின் கீழ் மதீனாவாசிகள் கூடிவிட்டனர். “எங்களில் ஒருவர் தலைவராகட்டும்” என்றனர் அவர்கள். செய்தி கேட்டு அபூபக்கரும் உமரும் விரைந்தனர். வாதம் நடந்தது, சூடு பறந்தது. இறுதியிலே அபூபக்கரின் கரத்தைப் பற்றி உமர் உறுதிமொழி தந்தார்; மற்றவரும் தந்தனர். அபூபக்கர் முதல் கலீபா ஆனார்.

“சமுதாயம் கூடித் தேர்ந்தெடுத்தது, அதுவே முறை” என்பது சன்னி முஸ்லிம்களின் நிலை. “தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையே எழவில்லை, நபிகளே அலியைக் காட்டிவிட்டுச் சென்றார்” என்பது ஷியாக்களின் நிலை. எங்கே காட்டினார்? அதே 632ஆம் ஆண்டிலே, கடைசி ஹஜ்ஜை முடித்துத் திரும்பும் வழியிலே, கதீர் கும் என்ற நீர்நிலை அருகிலே கூட்டத்தை நிறுத்தி, தம்மை ‘மவ்லா’வாகக் கொண்டவர்க்கு அலியும் ‘மவ்லா’ என்று அறிவித்தார். இந்நிகழ்ச்சியை இரு தரப்பாரும் மறுப்பதில்லை. மறுப்பு அந்த ஒரு சொல்லின் பொருளிலே! ‘மவ்லா’ என்றால் தலைவர் என்கிறார்கள் ஷியாக்கள். ‘மவ்லா’ என்றால் அன்புக்குரியவர், துணைவர் என்கிறார்கள் சன்னிகள்.

தோழர்களே! அந்தச் சொல்லை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள். அரபு மொழியிலே அதற்கு நேர் எதிரான பொருளும் உண்டு. தலைவனும் மவ்லா, அவனை அண்டிப் பிழைப்பவனும் மவ்லா! விடுதலை பெற்ற அடிமை, பிற இனத்திலிருந்து வந்து இஸ்லாத்தைத் தழுவி ஓர் அரபுக் குலத்தோடு ஒட்டிக்கொண்டவன் — அவனும் மவ்லாவே. அதன் பன்மைதான் ‘மவாலி’. நம் தெருவிலே வசவாக வழங்குகிறதே ஒரு சொல், அதைப் போலவே காதில் விழுகிறது. அரபியிலே அது வசவு அன்று. ‘சார்ந்து வாழ்வோர்’ என்பதே பொருள். ஆனால் அந்த மக்கள் நடத்தப்பட்ட முறையோ, வசவைவிடக் கொடிது!

மேலே ஒரு மவ்லா. அவர் யார் என்று தலைவர்களுக்குள் போர். கீழே ஆயிரமாயிரம் மவாலிகள். அவர்கள் யார் என்று கேட்பாரில்லை.

பட்டம் பரம்பரைச் சொத்தாயிற்று

அபூபக்கர் 634 வரை. உமர் 644 வரை. உமர் கொலையுண்டபோது, அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க ஆறு பேர் கொண்ட குழுவை அமைத்துவிட்டு மறைந்தார். உதுமான் வந்தார். அவர் ஆட்சியிலே உறவினர்க்கே உயர் பதவிகள் என்ற குமுறல் எழுந்தது. எகிப்திலிருந்தும் ஈராக்கிலிருந்தும் வந்த கலகக்காரர்கள் 656இல் அவரை வீட்டுக்குள்ளேயே கொன்றனர். அதன் பிறகே அலி கலீபா ஆனார். ஆட்சி அமைதியாக நடந்ததா? அதே ஆண்டிலே பசுரா அருகே ஒட்டகப் போர். 657இல் யூப்ரடீஸ் கரையிலே சிப்பீன் போர். சிப்பீனில் அவரை எதிர்த்தவர் முஆவியா, சிரியாவின் ஆளுநர், உதுமானின் உமையாக் குலத்தார்.

சிப்பீன் போரிலே, ஈட்டி முனையிலே குர்ஆன் ஏடுகளை உயர்த்திச் சமரசம் கேட்டது சிரியப் படை. அலி இணங்கினார். “மனிதரிடமா தீர்ப்புக் கேட்பது?” என்று அவர் படையிலேயே ஒரு கூட்டம் பிரிந்தது. காரிஜிகள் என்று அவர்களுக்குப் பெயர். குலமும் வேண்டாம், குடும்பமும் வேண்டாம். ஒழுக்கமுள்ளவன் அடிமையாயினும் தலைவனாகலாம் என்றது அவர்கள் கொள்கை. கேட்க இனிக்கிறது! ஆனால் தங்களோடு உடன்படாத முஸ்லிமையே கொல்லத் துணிந்தது அந்தக் கூட்டம். 661இல் கூபா நகரப் பள்ளிவாசலிலே அலியை வெட்டியதும் அவர்களில் ஒருவனே.

அலியின் மூத்த மகன் ஹசன் விட்டுக்கொடுத்தார். முஆவியா கலீபா ஆனார். தலைநகர் டமாஸ்கஸ் ஆயிற்று. வயது முதிர்ந்ததும் அவர் செய்த காரியம் என்ன தெரியுமா? தம் மகன் யசீதை வாரிசாக அறிவித்தார்! பந்தலின் கீழ் கூடிப் பேசிய முறை போயிற்று. அப்பன் பட்டம் பிள்ளைக்கு என்ற முறை வந்தது.

“யசீதுக்கு உறுதிமொழி தரமாட்டேன்” என்றார் ஹுசைன். “வாருங்கள், நாங்கள் இருக்கிறோம்” என்று கூபா நகரத்தார் மடல் மேல் மடல் எழுதினர். நம்பிப் புறப்பட்டார். ஆனால், புதிய ஆளுநன் உபைதுல்லா கூபாவுக்குள் நுழைந்து மிரட்டியதும், மடல் எழுதிய கைகள் கதவைத் தாழிட்டுக்கொண்டன! கர்பலாவிலே ஹுசைனோடு இறுதிவரை நின்றவர் 72 பேர் என்பது மரபு. எதிரே ஆயிரக்கணக்கானோர். முடிவு நாடறிந்தது.

மடல் எழுதியவர்களை மனச்சான்று சுட்டது. தம்மைத் ‘தவ்வாபூன்’, அதாவது பாவத்துக்கு வருந்துவோர் என்று அழைத்துக்கொண்ட ஒரு கூட்டம், 685இல் வெற்றி பெற வழியில்லை என்று தெரிந்தும் சிரியப் படையின்மீது பாய்ந்து மடிந்தது. வருத்தம் உயர்ந்தது, வீரம் உயர்ந்தது. ஆனால் நாட்டுக்கு அவர்கள் வைத்த திட்டம் என்ன? ஒன்றுமில்லை. சாவு ஒன்றே திட்டம்.

மரத்தடி ஏந்திய படை

இந்த இடத்திலேதான் மவாலிகள் மேடைக்கு வருகிறார்கள். அவர்கள் நிலைமை என்ன? பாரசீகத்திலும் ஈராக்கிலும் உழவர், கைவினைஞர், விடுதலை பெற்ற அடிமைகள். “இறைவன் முன் அனைவரும் சமம்” என்ற குரல் கேட்டு இஸ்லாத்திலே சேர்ந்தவர்கள். சேர்ந்த பிறகு? தொழுகை வரிசையிலே தோளோடு தோள். சம்பளப் பட்டியலிலே பெயர் கிடையாது! போரிலே காலாட்படை, கொள்ளைப் பொருளைப் பங்கிடும்போது கடைசி வரிசை! முஸ்லிம் அல்லாதவர் கட்ட வேண்டிய ஜிஸ்யா என்ற தலைவரியை, முஸ்லிம் ஆன பின்னும் பல இடங்களில் இவர்களிடம் கறந்தார்கள்.

685ஆம் ஆண்டு முக்தார் என்பவர் கூபாவைக் கைப்பற்றினார். ஹுசைனின் கொலைக்குப் பழி என்பது முழக்கம். அலியின் இன்னொரு மகன் முகம்மது இப்னு அல் ஹனபிய்யாவின் பெயரால் ஆட்சி. அலியின் மகன் என்றோம். பாத்திமாவின் மகன் அல்லர். அவரோ தொலைவிலே அரபு நாட்டிலே இருந்தார். படைக்குத் தலைமை தாங்க வரவில்லை.

முக்தார் ஒரு காரியம் செய்தார். மவாலிகளைக் குதிரை ஏற்றினார்! வருவாயிலே பங்கு கொடுத்தார்! தம் மெய்க்காவல் தலைவனாக ஒரு மவ்லாவையே அமர்த்தினார். வாள் வாங்க வழியில்லாத அந்த மக்கள் மரத்தடிகளை ஏந்தி வந்தனர். அதனால் ‘கஷபிய்யா’, மரத்தடிக்காரர் என்று ஏளனப் பெயர் சூட்டினர் சீமான்கள்.

கூபாவின் அரபுச் சீமான்கள் கொதித்தனர். அவர்களும் அலியின் குடும்பத்தின்மீது அன்பு பேசியவர்களே! ஆனால் எங்கள் மவாலிகள் எங்களுக்கு இறைவன் தந்த உடைமை. அவர்களை விடுவித்தது போதாதென்று வருவாயிலும் பங்கு தருவதா என்பது அவர்கள் முறையீடு. தலைவர்மீது பக்தி உண்டு. கூலிக்காரனுக்குக் குதிரை என்றால் மட்டும் கசக்கிறது! 686இல் கிளர்ந்தெழுந்தார்கள், தோற்று, பசுராவுக்கு ஓடினார்கள், அங்கே ஆண்ட முசுஅபிடம் முறையிட்டார்கள். அவர் மக்காவிலே தனிக் கலீபாவாக விளங்கிய இப்னு சுபைரின் தம்பி. 687இல் முக்தார் வீழ்ந்தார். கோட்டைக்குள்ளே இருந்து சரணடைந்த ஆயிரக்கணக்கானோர் வரிசையாக வெட்டப்பட்டனர். பெரும்பாலோர் மவாலிகள்.

முக்தாரை உத்தமர் என்று நாம் கூறவில்லை. அவரைப் பற்றிப் பழைய நூல்களிலே பல குற்றச்சாட்டுகள் உண்டு. ஆனால் ஒன்று உறுதி: தலைமைச் சண்டைக்குள்ளே வயிற்றுச் சண்டை இருக்கிறது என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் உலகுக்குக் காட்டிவிட்டன.

வரிக்கணக்கு சொல்லும் கதை

அதன் பின் ஈராக்கை ஆண்ட ஹஜ்ஜாஜ், நிலத்தை விட்டு நகரத்துக்கு வந்த புது முஸ்லிம் உழவர்களைப் பிடித்து, “திரும்பிப் போய் உழு, வரி கட்டு” என்று விரட்டினார். எந்த ஊர்க்காரன் என்று கையிலே பொறித்து அனுப்பியதாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். மாட்டுக்குச் சூடு போடுவார்கள், மனிதனுக்கும் போட்டார்கள்!

உமையாக்களிலும் ஒரு நல்லவர் இருந்தார். 717 முதல் 720 வரை ஆண்ட இரண்டாம் உமர். கிழக்கே குராசானிலிருந்து தூது வந்தது: 20,000 மவாலிகள் சம்பளமும் இன்றிப் படியும் இன்றிப் போரிடுகிறார்கள், முஸ்லிமானவர்களிடமும் வரி பிடுங்கப்படுகிறது என்று. கலீபா வரியை நீக்க ஆணையிட்டார். “வரிக்குப் பயந்துதான் மதம் மாறுகிறார்கள், சோதித்துப் பார்க்க வேண்டும்” என்றார் அங்கிருந்த ஆளுநர். நபிகளை இறைவன் அனுப்பியது மக்களை அழைப்பதற்கே, சோதித்துக்கொண்டிருப்பதற்கு அன்று என்ற கருத்திலே விடை சென்றது. ஆளுநரின் பதவியும் சென்றது. ஆனால் நல்லவர் மூன்றே ஆண்டில் மறைந்தார். வரி திரும்பி வந்தது.

எப்படிப்பட்ட வரி? உமையாக்களின் கடைசிக் குராசான் ஆளுநர் நசுர் இப்னு சையார் கணக்கெடுத்தபோது, 30,000 முஸ்லிம்கள் கட்ட வேண்டாத தலைவரியைக் கட்டிக்கொண்டிருந்தனர். கட்ட வேண்டிய பிற மதத்தார் 80,000 பேர் கட்டாமல் இருந்தனர் என்று வரலாற்றாசிரியர் தபரி பதிவு செய்கிறார். ஏன் இந்த விந்தை? வசூலித்தவர்கள் உள்ளூர்ப் பழைய நிலப்பிரபுக்கள். தம்மவர்க்குச் சலுகை, மதம் மாறிப் போனவன் தலையிலே மூட்டை! நசுர் திருத்த முயன்றார். காலம் கடந்துவிட்டது.

அந்த நாட்டு அரபியர் எல்லாரும் சீமான்கள் என்று எண்ணிவிட வேண்டாம். மெர்வு நகரைச் சுற்றிக் குடியேறி ஏர் பிடித்த அரபியரும், அதே நிலப்பிரபுக்களுக்கு வரி கட்டி நொந்துகிடந்தனர். அரபியன் ஒரு பக்கம், பாரசீகன் ஒரு பக்கம் என்று கோடு கிழித்தால் கணக்குத் தவறும். கோடு வேறு இடத்திலே ஓடியது.

பெயர் சொன்னவரும் பெயர் மறைத்தவரும்

740ஆம் ஆண்டிலே, ஹுசைனின் பேரர் சைது கூபாவிலே எழுந்தார். ஒளிவு மறைவு இல்லை. “நான் இன்னார்” என்றார். என்ன செய்வேன் என்பதையும் உறுதிமொழியிலேயே வைத்தார்: கொடுமைக்காரரை எதிர்ப்பது, எளியோரைக் காப்பது, மறுக்கப்பட்டவர்க்குப் படி தருவது, பொது வருவாயைச் சமமாகப் பங்கிடுவது. 15,000 பேர் பெயர் பதிந்தனர் என்பது செய்தி.

அப்போது சிலர் எழுந்து, “அபூபக்கரையும் உமரையும் பற்றி உம் கருத்தென்ன?” என்று கேட்டனர். அவர்களைப் பழிக்கச் சைது மறுத்தார். பழிக்காதவர் எமக்குத் தலைவரல்லர் என்று ஒரு கூட்டம் விலகியது. ஆளுநனோ முந்திக்கொண்டு, ஊர் மக்களைப் பெரிய பள்ளிவாசலுக்குள்ளே அடைத்துவிட்டான். குறித்த இரவிலே வந்து நின்றவர் 218 பேர்! அம்பு பட்டு மாண்டார் சைது. புதைத்த உடலைத் தோண்டி எடுத்துத் தூணிலே அறைந்தது உமையா அரசு.

இதே காலத்திலே இன்னொரு குடும்பம் ஓசையின்றி வேலை செய்துகொண்டிருந்தது. நபிகளின் சிற்றப்பா அப்பாசின் வழிவந்தவர்கள். இன்றைய ஜோர்தானிலே ஹுமைமா என்ற சிற்றூரிலே அமைதியாக அமர்ந்திருந்தனர். அவர்களுடைய ஆட்கள் வணிகர் வேடத்திலே கூபாவுக்கும் குராசானுக்கும் போய்வந்தனர். முழக்கம் என்ன? முகம்மதின் குடும்பத்திலே அனைவர்க்கும் உவப்பான ஒருவர்! யார் அந்த ஒருவர்? சொல்லமாட்டார்கள். “காலம் வரும்போது தெரியும்” என்பதே விடை.

எத்தகைய சாமர்த்தியம்! அலியின் குடும்பத்தை நேசித்தவன் அலியின் வாரிசு என்று நினைத்தான். வரியிலே நொந்தவன் வரி நீக்கும் வள்ளல் என்று நினைத்தான். வெற்றிடத்திலே அவரவர் தம் ஆசையை எழுதிக்கொண்டனர். பெயரும் திட்டமும் சொன்ன சைதுக்கு 218 பேர். இரண்டும் சொல்லாதவர்க்குப் பெரும்படை!

கிழக்கே அனுப்பப்பட்டவர் அபூ முஸ்லிம். இன்ன குலம் என்று சொல்ல முடியாதவர். அடிமையாய் இருந்தவர், கூபாவிலே சேணம் தைக்கும் தொழிலில் இருந்தவர் என்றெல்லாம் செய்திகள். 747ஆம் ஆண்டு ஜூன் திங்களிலே, மெர்வு அருகே ஒரு சிற்றூரிலே கருங்கொடிகளை உயர்த்தினார். இரண்டு கொடிகள், ஒன்றுக்கு ‘நிழல்’ என்று பெயர், மற்றொன்றுக்கு ‘மேகம்’ என்று பெயர். வெயிலிலே வெந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? உழவன் வந்தான், கைவினைஞன் வந்தான், ஓடிவந்த அடிமை வந்தான், அரபியனும் வந்தான். படைப்பட்டியலிலே குலத்தின் பெயரால் பதியவில்லை. ஊரின் பெயரால் பதிந்தார்கள்.

748இல் மெர்வு விழுந்தது. 749இல் கூபா. அங்கே அபூ சலமா இருந்தார், காடி விற்ற வணிகர், இயக்கத்தின் தூண். அப்பாசு குடும்பத்தார் கூபாவுக்கு வந்து சேர்ந்ததும், அவர்களை ஒரு வீட்டிலே வாரக்கணக்கில் மறைத்து வைத்துவிட்டு, அலியின் வழிவந்தவர்களுக்கு மடல் எழுதினார் என்பது வரலாறு. ஷியாக்கள் ஆறாம் இமாமாகப் போற்றும் ஜாபர் சாதிக், அந்த மடலை விளக்கிலே காட்டி எரித்துவிட்டார் என்பார்கள். அதற்குள் குராசான் படைத்தலைவர்கள் மறைவிடத்தைக் கண்டுபிடித்து, அபுல் அப்பாசைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்று கலீபா என்று முழங்கிவிட்டனர். நாடெல்லாம் கேட்ட கேள்விக்கு, ஒரு நகரத்திலே, ஒரு சில பேர், ஒரே நாளில் விடை எழுதிவிட்டனர்!

அந்த மேடையிலே, படி 100 திர்ஹம் உயர்த்தப்படும் என்றார் புதிய கலீபா. பொன்னும் வெள்ளியும் சேர்க்கவோ, கால்வாய் வெட்டவோ, கோட்டை கட்டவோ நாங்கள் எழவில்லை என்று அவர் சிற்றப்பா தாவூது பேசினார். இனி இந்த ஆட்சி எங்கள் குடும்பத்தைவிட்டு நீங்காது என்ற கருத்தையும் அதே பேச்சிலே சேர்த்தார். முதல் பகுதிக்குக் கூட்டம் ஆரவாரித்திருக்கும். இரண்டாம் பகுதியின் பொருள் பிறகுதான் புரிந்திருக்கும்.

கூலி கொடுத்தார்கள்!

750 ஜனவரியிலே சாபு ஆற்றங்கரையிலே உமையாப் படை நொறுங்கியது. கடைசி உமையா கலீபா இரண்டாம் மர்வான் எகிப்துவரை துரத்திக் கொல்லப்பட்டார். அபூ புத்ருசு ஆற்றங்கரையிலே உமையாக் குடும்பத்தார் கூட்டமாகக் கொல்லப்பட்டனர். ஒரு பரம்பரை போயிற்று. இன்னொரு பரம்பரை வந்தது.

மறைத்து வைத்த அபூ சலமாவுக்கு என்ன கிடைத்தது? அதே ஆண்டிலே கொலை! புகாரா நகரிலே ஷரீக் என்ற ஷியாத் தலைவர் எழுந்தார். நபியின் குடும்பத்தைப் பின்பற்றியது இரத்தம் சிந்தவா, அநீதி செய்யவா என்று கேட்டார். 30,000க்கு மேற்பட்டோர் அவர் பின்னே திரண்டனர் என்கிறார்கள். அவரை ஒழிக்கப் படை அனுப்பியவர் யார்? அபூ முஸ்லிம்! கொடி உயர்த்திய அதே அபூ முஸ்லிம்! கேள்வி கேட்டவனை வெட்டினார். தம் கணக்கு நேராகும் என்று நம்பினார்.

நேராயிற்றா? 754இல் மன்சூர் கலீபா ஆனார். அவருக்காகப் போரிட்டு, பட்டம் கேட்ட அவர் சிற்றப்பாவைத் தோற்கடித்துக் கொடுத்தவரும் அபூ முஸ்லிமே. மறு ஆண்டு, 755இல், அன்போடு அழைத்தார் மன்சூர். வாளை வாங்கிக்கொண்டனர். கலீபா கை தட்டினார். திரைக்குப் பின்னிருந்தவர் பாய்ந்தனர். உடலைத் தரை விரிப்பிலே சுருட்டினர். வெளியே காத்திருந்தவர்க்குப் பணம் வாரி வழங்கினர். நிழல், மேகம் என்று கொடி பிடித்தவருக்கு ஒரு கம்பளத்தின் நிழல் கிடைத்தது.

762இலே அலியின் மூத்த மகன் ஹசனின் கொள்ளுப்பேரர் முகம்மது மதீனாவிலே எழுந்தார். தூய ஆன்மா என்று மக்கள் போற்றியவர். நான் பாத்திமாவின் வழி, உரிமை எனக்கே என்று மன்சூருக்கு எழுதினார். மகள் வழியில் தலைமை இறங்காது. தந்தை இல்லாதபோது தந்தையின் இடத்தில் நிற்பவர் சிற்றப்பாவே என்று மன்சூர் விடை எழுதினார். மடல்களைப் படித்துப் பாருங்கள்: பாட்டன் யார், பாட்டி யார், எவர் வழி மேல் வழி — பக்கம் பக்கமாகக் குலப் பெருமை! வரி என்ற சொல்லுக்காகக் குருதி சிந்திய உழவன், அந்தக் குலப்பட்டியலிலே எங்கே? முகம்மதும் வீழ்ந்தார், பசுராவிலே எழுந்த அவர் தம்பி இப்ராகீமும் அடுத்த ஆண்டு வீழ்ந்தார்.

இங்கே ஒன்றைக் குறிக்க வேண்டும். கட்டாயத்தால் வாங்கிய உறுதிமொழி செல்லாது என்று மதீனாவிலே கூறியதற்காகச் சாட்டையடி பட்டவர் மாலிக். இப்ராகீமுக்கு ஆதரவு காட்டியவர் அபூஹனீபா. மன்சூரின் சிறையிலே 767இல் மறைந்தார் என்பது மரபு. யார் இவர்கள்? சன்னி முஸ்லிம்களின் இரண்டு பெரும் சட்ட நெறிகளுக்கு மூலவர்கள்! நம் ஊர்களிலே ‘ஹனபி’ என்று சொல்லிக்கொள்கிறார்களே, அந்தப் பெயருக்கு உரியவரே அபூஹனீபா. அலியின் வழிவந்தவர் எழுந்தபோது சன்னிகள் போற்றும் இமாம்கள் அடிபட்டார்கள், சிறைபட்டார்கள். ஆகவே, தொடக்கத்திலிருந்தே ஒரு சுவர், அதற்கு இப்பக்கம் அவர்கள், அப்பக்கம் இவர்கள் என்று நினைப்பது பிழை. சுவர் பின்னாலே எழுந்தது; கல் சுமந்தவர்களில் அரசர்கள் அதிகம்.

கோட்டை கட்ட வரவில்லை என்று சொன்ன குடும்பம், அதே 762ஆம் ஆண்டிலே பாக்தாதுக்குக் கால்கோள் செய்தது. வட்ட வடிவ நகரம், நடுவே அரண்மனை, மதில் மேல் மதில்!

பிறகு என்று சொல்லாதே!

பயனே இல்லை என்று நாம் கூறமாட்டோம். அப்பாசியர் காலத்திலே அரபியன் அல்லாதவனுக்கு அரசவைக் கதவு திறந்தது, அமைச்சர்கள் ஆனார்கள், எழுத்தும் அறிவும் பாக்தாதிலே தழைத்தன. பிறப்பால் அரபியன் என்ற மிடுக்கு தளர்ந்தது. அது பெரிய மாற்றமே. ஆனால் திறந்தது அரசவைக் கதவு. உழவனின் தானியக் குதிரின் கதவை வரிக்காரன் திறப்பது நிற்கவில்லை.

1258இலே மங்கோலியர் பாக்தாதை அழித்தனர். துருக்கியிலே எஞ்சியிருந்த கலீபா பதவியும் 1924 மார்ச் 3ஆம் நாள் ஒழிக்கப்பட்டது. எந்த நாற்காலிக்காக அத்தனை தலைகள் உருண்டனவோ, அந்த நாற்காலியே இல்லை! முகரத்திலே கண்ணீர் மட்டும் இருக்கிறது. ஏன் அழுகை ஓயவில்லை என்று தொடக்கத்திலே கேட்டோமே, நமக்குத் தோன்றும் விடை இது: அழைத்துவிட்டுக் கதவடைத்த குற்றமும், நம்பி வந்து ஏமாந்த வேதனையும், எந்த நாட்டு ஏழைக்கும் தெரிந்தவை.

தோழர்களே! தலைவர் யார் என்று கேட்பது தவறன்று. கேட்டே ஆக வேண்டும். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், அபூ முஸ்லிமின் படையிலே நின்ற உழவனின் கதிதான். யார் வருகிறார்? வந்து என்ன செய்வார்? செய்யாவிட்டால் கேட்க நமக்கு வழி என்ன? — மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கொடி ஏறும் முன்பே கேட்க வேண்டும். “அதெல்லாம் பிறகு, முதலில் வெற்றி” என்று எவர் சொன்னாலும், எத்துணை அன்போடு சொன்னாலும், மெர்வுச் சந்தையிலே அந்தச் சொல்லை நம்பியவர்களை எண்ணிப் பாருங்கள்.

ஷரீக் கேட்டார், தனியாகக் கேட்டார், வெற்றிக்குப் பிறகு கேட்டார், வெட்டுண்டார். அவர் கேட்டது தவறன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன்னே, ஊரே கூடி, கொடிக்கம்பத்தின் கீழ் நின்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.